கயிறு இரண்டு முறை அசைந்தது

நம் ஊர் ஆந்திராவை விட்டு இந்தப் பக்கம் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மெட்ராஸ் ராஜ்யம் என்று இருந்ததை இனிமேல் தமிழ்நாடு என்று சொல்லவேண்டும் என்று தாலுக்கா ஆபீஸ் பலகையில் பெயர் மாற்றி எழுதினார்கள். அதே வருஷம் ஆடி மாதத்தில்தான் மனிதன் நிலாவில் இறங்கிவிட்டான் என்று பஜார் டீக்கடை ரேடியோ சொன்னது. கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள்கூட ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மலை ஏறினார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நான் எந்தத் தேதியையும் குறித்து வைத்ததில்லை. ஆனால் அந்த வருஷம் எனக்குத் தப்பாது, மகனே. உனக்கு அப்போது பத்து வயது. உன் இடது காது போனது அந்த வருஷம்.

உன் கடிதம் வந்து இன்றைக்கு ஐந்து நாள். வழக்கம்போலத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். எனக்குக் காது மந்தமானதிலிருந்து அவர் கத்தித்தான் படிக்கிறார். அதனால் பட்டாவுக்கும் சர்டிபிகேட்டுக்கும் காத்திருந்த அத்தனை பேரும் உன் கடிதத்தைக் கேட்டார்கள். கரீபியன் கடலில் பொனேர் என்று ஒரு தீவு, டிசம்பரில் இரண்டு வாரம் லீவு, ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர், பிளேன் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் அறுபது அடி வரைக்கும் போவீர்கள், பவழப் பாறையும் மஞ்சளும் நீலமுமாக மீன்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்று அவர் படித்துக்கொண்டே போனபோது, பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளை எனக்கே கேட்கிற குரலில், "அம்மாம் தூரம் பிளேன்ல போயி இன்னா பண்றாங்களாம்?" என்று கேட்டாள். "மீன் பாக்கறாங்களாம்மா." "பாத்துட்டு?" "பாத்துட்டு மேல வந்துடுவாங்களாம்." "புடிக்க மாட்டாங்களா?" "புடிக்கக் கூடாதாம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் படித்தது எனக்குச் சிரிப்பாக இல்லை. சனிக்கிழமை தோறும் நீச்சல் குளத்தில் உங்களுக்குப் பாடம் நடக்கிறது, முதல் தடவை இடது காதுக்குள் தண்ணீர் போனபோது உனக்குக் குளமே சுற்றியது, சொல்லிக்கொடுக்கிறவர் புதிதில் எல்லோருக்கும் அப்படித்தான் என்றார் என்று எழுதியிருந்தாய். கடலில் இறக்குவதற்கு முன்னால் ஒரு தாள் கொடுத்து, வலிப்பு உண்டா, இழுப்பு உண்டா, மார்வலி உண்டா, காதில் எப்போதாவது அடிபட்டதுண்டா என்று கேட்டிருக்கிறார்கள். "கிணற்றில் இறங்கியபோது என் காதில் ரத்தம் வந்ததே நைனா, அது மேலோடு கிழிந்ததா, உள்ளே ஏதாவது ஆயிற்றா? டாக்டரிடம் காட்டினீர்களா? மாதக் கடைசிக்குள் தாளைக் கொடுக்க வேண்டும், உடனே பதில் போடுங்கள்" என்று கேட்டிருந்தாய். இந்த வருஷமும் ஊருக்கு வரமுடியாது, அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறேன் என்று கடைசி வரியில் போட்டிருந்தாய்.

பெரியவர் பேனாவைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல, மேலோட கிழிஞ்சதுதான், நல்லபடியா போயிட்டு வான்னு எழுதுங்க" என்றேன். எழுதிக் கொடுத்தார். அந்த நீலக் காகிதத்தை ஒட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபால் ஆபீஸ் வரைக்கும் போனேன். பெட்டியில் போடவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்கப் போட்டபோது அதை எடுத்து அடுப்பில் வைத்தேன். பதில் தெரியாமல் இல்லை, மகனே. தெரியும். உண்மையைச் சொன்னால் அது காதோடு நிற்காது, எல்லாவற்றையும் சொல்லவேண்டி வரும் என்று பயந்துதான் மூன்று நாள் நடந்தேன்.

அந்த மூன்றாம் நாள் இன்னொன்றும் நடந்தது. தண்ணீருக்குள் இறங்க இறங்க மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே ஊதவேண்டும், அப்படிச் செய்தால் காது வலிக்காது, ஒன்றும் ஆகாது, முதல் பாடமே அதுதான் என்று நீ எழுதியிருந்தாய். மனு எழுதுகிறவர் அதைப் படித்தபோது நான் சரியாகக் கவனிக்கவில்லை. வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நினைவு வந்தது. மூக்கைப் பிடித்தேன், ஊதினேன். இரண்டு காதிலிருந்தும் காற்று சீறிக்கொண்டு வெளியே போனது. பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் அவர்களுக்குக் கேட்டிருக்கும். என் அப்பன் கிணற்றில் முங்கினான், அவனுக்கு முன்னால் அவன் அப்பன் முங்கினான், நான் முப்பத்தைந்து வருஷம் முங்கினேன். எங்கள் யாருக்கும் இது தெரியாது. மூக்கைப் பிடித்து ஊதினால் போதும் என்று தெரிந்திருந்தால் உனக்கு அது நடந்திருக்காது. மறுநாள் காலையில் ரயில் ஏறி மணவூருக்குப் போனேன்.

மணவூரில் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். உன் அம்மாவின் தம்பி, உன் மாமா. ஸ்டேஷனைத் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் வேலை செய்கிறான். இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பவன் அவன்தான். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று நீ குழம்ப வேண்டாம். இதை மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே தெரிந்தவன் உலகத்தில் ஒருவன்தான் இருக்கிறான், அவனுக்கு எழுதவும் தெரியும் என்று வந்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக இவனும் நானும் பேசிக்கொண்டதில்லை. கேட் மூடியிருந்தது. நான் குனிந்து உள்ளே நுழையப் பார்த்தேன். "யோவ் பெருசு, கேட் போட்டிருக்கறது கண்ணு தெரியல?" என்று கத்தினான். நிமிர்ந்தேன். பச்சைக் கொடியோடு அப்படியே நின்றான். வண்டி போனது. கேட்டைத் திறந்துவிட்டு வந்து, "இப்ப யாரு பாவா செத்தது?" என்றான். அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுவதை இன்னும் விடவில்லை.

"யாரும் சாகல. ஒருத்தன் சாகக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றேன். உன் கடிதத்தை நீட்டினேன். அங்கேயே நின்று படித்தான். படித்து முடித்து மடித்துக் கொடுத்துவிட்டு, "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டான். அவ்வளவுதான் பேச்சு. கேட் அறையில் ஒரு பெஞ்சு, ஒரு மண்பானை, ஒரு மேஜை இருக்கின்றன. வண்டி வரும்போதெல்லாம் எழுந்து போய்விட்டு வந்து, என் காதருகே கத்திக் கேட்டுக் கேட்டு எழுதுகிறான். அதனால் இது ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்காது.

என் தொழில் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் தப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் மாடு கட்டி இறைக்கிற கவலை போய் மோட்டாரும் ஆயில் என்ஜினும் வந்துகொண்டிருந்தன. குழாயின் அடியில் தண்ணீரை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்தும் புட்வால்வில் இலையோ துணியோ சிக்கிக்கொண்டால் மோட்டார் வெறும் காற்றை இழுக்கும். யாராவது அடிவரைக்கும் முங்கி அதைச் சுத்தம் செய்து மாட்டவேண்டும். நகரி ரோட்டிலிருந்து பொதட்டூர்பேட்டை வரைக்கும் அந்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். முங்குகிறவன் இடுப்பில் கயிறு இருக்கும். ஒரு தடவை இழுத்தால் கயிற்றை விடு என்று அர்த்தம், இரண்டு தடவை இழுத்தால் தூக்கு என்று அர்த்தம். மேலே கயிற்றைப் பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சொந்தத் தம்பிகூடச் சொத்துக்காகக் கயிற்றை விட்டுவிடலாம், தன் அக்கா தாலி அறுக்கப் பார்க்கமாட்டான் என்று என் அப்பன் சொல்வான். எனக்குக் கல்யாணமான மறுமாதத்திலிருந்து என் கயிற்றை உன் மாமாதான் பிடித்தான். ஒரு நாளும் நான் மேலே பார்த்து இவன் இருக்கிறானா என்று யோசித்ததில்லை.

எங்களுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. காது திறப்பது என்று அதற்குப் பெயர். முதல் தடவை ஆழத்துக்குப் போகும்போது காதுக்குள் ஊசி குத்துவதுபோல் வலி எடுக்கும். அந்த வலியோடு பிடிவாதமாக இன்னும் கீழே போனால் உள்ளே படீர் என்று ஒன்று உடையும், ரத்தம் வரும், வலி நின்றுவிடும். அப்புறம் எந்தக் கிணற்றில் இறங்கினாலும் வலி இருக்காது. காது திறந்துவிட்டது என்று சொல்லி வெல்லம் கொடுப்பார்கள். எனக்குப் பதினொரு வயதில் என் அப்பன் திறந்துவிட்டான். அழுதேன், வெல்லம் தின்றேன். அதற்கப்புறம் சில சமயம் குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் போனால் கிணறு முழுசும் சக்கரமாகச் சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. கயிறு இருந்ததால் பிழைத்தேன். அது எதனால் என்று நான் யோசித்ததில்லை. வயதானபோது காது கேட்காமல் போனதற்கும் வயதைத்தான் காரணம் சொன்னேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். நீ ஆசைப்பட்டு மாந்தோப்புக் கிணற்றுக்கு என்னோடு வந்தாய். நைனா மாதிரி முங்குகிறேன் என்று கேட்டாய். சும்மா விளையாட்டுக்குக் கயிறு கட்டி இறக்கினோம். வலி எடுத்ததும் நீ இரண்டு தடவை இழுத்தாய். மாமா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான், தூக்கவில்லை. இதுதானே உனக்குத் தெரிந்தது? அது விளையாட்டு இல்லை. வீட்டிலிருந்து கிளம்பும்போதே நான் மடியில் வெல்லம் கட்டிக்கொண்டுதான் வந்தேன். கிணற்று மேட்டில் தோப்புக்காரரும் மோட்டார் மெக்கானிக்கும் இருந்தார்கள். நீ தண்ணீருக்குள் போனதும் உன் மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"இஸ்கோலுக்குப் போற புள்ள பாவா. இவனுக்கு எதுக்கு இந்தக் காது வேலை?"

"ஊருக்கெல்லாம் மோட்டார் வந்துகினு இருக்கு. இன்னும் அம்பது வருசத்துக்கு இதுல சோறு இருக்கு. நீ கயிறப் புடி."

"அக்கா கேட்டா இன்னா சொல்றது?"

"உங்க அக்காவ நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் உன் மாமா பேனாவை நிறுத்தி, "அம்பது வருசம்னு சொல்லல, நூறு வருசம்னு சொன்னீங்க" என்கிறான். சரி, நூறு என்று எழுதச் சொல்லிவிட்டேன். அந்த மோட்டார் இப்போது கிணற்றுக்கு அடியிலேயே முங்கிக் கிடக்கிறது. போர் போட்டுக் குழாய் இறக்கிவிடுகிறார்கள். புட்வால்வும் இல்லை, முங்குகிறவனும் இல்லை. நூறு வருஷத்துச் சோறு என்று நான் கணக்குப் போட்டது பத்து வருஷம்கூட நிற்கவில்லை. அதற்காக உன் காதைக் கொடுத்தேன்.

கயிறு இரண்டு முறை அசைந்தது. நான் பார்த்தேன். உன் மாமாவும் பார்த்தான், கை உடனே இழுக்கப் போனது. நான் என் கையை அவன் கைமேல் வைத்து அழுத்தினேன். "இர்றா, இன்னும் தொறக்கல" என்றேன். மறுபடியும் இரண்டு முறை அசைந்தது. அவன் திமிறினான். நான் விடவில்லை. "கொஞ்ச நேரம்தான்" என்று எழுத இப்போது இவனிடம் சொன்னேன். இவன் எழுத மாட்டேன் என்கிறான். "கொஞ்ச நேரம்னு போடமாட்டேன். நான் எண்ணினேன். பதினாலு எண்ணுற வரைக்கும்" என்கிறான். பதினாலு என்று எழுது என்றேன். பதினாலு எண்ணி முடிக்கும்போது அவன் என்னை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுக் கயிற்றை இழுத்தான். நான் மண்ணில் விழுந்தேன். உன்னைத் தூக்கியது அவன்தான். தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடியதும் அவன்தான். உன் காதிலிருந்து ஒழுகிய ரத்தம் அவன் சட்டை முதுகில்தான் இருந்தது. நான் பின்னாலேயே வெல்லத்தோடு ஓடிவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா உன்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அவள் கேட்டதற்கு நீ அழுதுகொண்டே, "ரெண்டு தடவ இழுத்தேம்மா, மாமா தூக்கவே இல்ல" என்றாய். அவள் தன் தம்பியைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். இரண்டு வார்த்தை போதும். நான்தான் பிடித்தேன் என்று. எனக்கு உன் அம்மாவைப் பற்றித் தெரியும், அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே தாய்வீடு போயிருப்பாள், அப்புறம் திரும்பியிருக்கமாட்டாள். அது இவனுக்கும் தெரியும். அதனால்தான் தலையைக் குனிந்துகொண்டு, "கவனிக்காம விட்டுட்டேன்க்கா" என்றான். உன் அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், "இந்த வாசப்படிய மிதிக்காத". அவன் போய்விட்டான். உன் காதில் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றினோம். டாக்டரிடம் காட்டவில்லை. நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். காட்டினால் எப்படி ஆனது என்று கேட்பார்களே என்றுதான் நான் காட்டவிடவில்லை. "சரியாப் போயிடும், எனக்குப் போகலயா?" என்றேன்.

இப்போது இவனிடம் கேட்டேன், "நீ ஏண்டா அப்புறமாவது சொல்லல?" என்று. "அன்னிக்கே நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். சரி, மறுநாள் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் பொங்கலுக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்படியே பாத்துகினு இருந்ததுல தலை நரைச்சிடுச்சு பாவா" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நீ படித்தாய், மெட்ராஸ் போனாய், அமெரிக்கா போனாய். போகிற அன்று மணவூர் வழியாகத்தானே ரயில் போனது? நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய், வழியனுப்ப வந்த நான் எதிரில் இருந்தேன். இந்தக் கேட்டில் இவன் கொடி பிடித்து நின்றிருந்தான். நான் பார்த்தேன், நீ இந்தப் பக்கம் திரும்பவில்லை. உன்மேல் தப்பில்லை. உனக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு நீ நடந்தாய்.

உன் அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். "அவன் வந்தானா?" என்று கேட்டாள். யார் என்று நான் கேட்கவில்லை. "இல்ல" என்றேன். "புள்ளமேல எம்மாம் ஆசையா இருப்பான். அன்னிக்கி எங்க பாத்துகினு இருந்தானோ பாவி" என்றாள். அந்த அறையில் அவளும் நானும்தான் இருந்தோம். அப்போதும் சொல்லவில்லை. சாத்துக்குடியைச் சுளை சுளையாகப் பிரித்து அவள் வாயில் வைத்தேன். இவன் சாவுக்கு வந்து தெருமுனையிலேயே நின்றுவிட்டுப் போனான், வாசற்படியை மிதிக்கவில்லை. இதை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போனான். வண்டி எதுவும் வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சொல்லுங்க, மேல எழுதலாம்" என்றான்.

நீ இதை நம்பமாட்டாய் என்ற பயம் எனக்கு இருக்கிறது. காரணம் நானே செய்துவைத்ததுதான். அம்மாவுக்கு ரொம்ப மோசம், உடனே புறப்படு என்று ஒரு தந்தி கொடுத்து உன்னை வரவழைத்தேன். நீ பதறிக்கொண்டு வந்து இறங்கினால் உன் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பெண் பார்க்கத்தான் அந்தத் தந்தி என்று தெரிந்ததும் நீ பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதே வார்த்தைகளோடு உண்மையான தந்தி வந்தபோது நீ முதலில் ஆபீஸ் வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினாய். ஐந்தாம் நாள்தான் வந்தாய், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி நான் ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயில்லை. இப்போதும் கிழவன் என்னை ஊருக்கு இழுப்பதற்காகக் காது, கயிறு என்று ஒரு கதை கட்டுகிறான் என்று நீ நினைக்கலாம். அதனால் சொல்கிறேன், நீ வரவேண்டாம். டிக்கெட்டை மாற்றவேண்டாம். உன் சிநேகிதர்களோடு அந்தத் தீவுக்கே போ. படகில் உட்கார். கரையில் நட. அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எழுதியிருக்கிறாயே, மேலேயிருந்தே மீன்களைப் பார். ஆனால் காது டாக்டர் விளக்கு வைத்து உள்ளே பார்த்துச் சரி என்று சொல்லாமல் தலையைத் தண்ணீருக்குள் கொண்டுபோகாதே.

நீச்சல் குளத்தில் உனக்குச் சுற்றியதே, அது புதிதில் எல்லோருக்கும் வருவது இல்லை, மகனே. அது எனக்கு வந்ததுதான். கிணற்றில் எனக்குச் சுற்றியபோது கை நீட்டினால் சுவர் இருந்தது, இடுப்பில் கயிறு இருந்தது, மேலே இவன் இருந்தான். கடலில் சுவர் இல்லை. எது மேல் என்று தெரியாமல் நீ கீழ்ப்பக்கமாகவே நீந்திப் போவாய். சிலிண்டரில் காற்று இருந்து என்ன பிரயோஜனம்? தாளில் காது என்று கேட்டிருக்கிற இடத்தில், பத்து வயதில் இடது காது உடைந்தது, உடைத்தது என் அப்பா, வைத்தியம் பார்க்கவில்லை என்று அப்படியே எழுது. வெட்கப்படாதே. வெட்கம் என்னுடையது. என்றைக்காவது நீ யாருடைய கயிற்றையாவது பிடிக்கிற நிலை வந்தால், அது உன் பெண்டாட்டியாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம், இரண்டு முறை அசைந்ததும் இழுத்துவிடு. நல்லதுக்குத்தானே என்று நினைத்து நிற்காதே. நானும் நல்லது என்றுதான் நினைத்தேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். ஒவ்வொரு தடவையும் சௌக்கியம் என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷன் ரோடு மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். மலையடிவாரத்தில் உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். கோயில் மணி அடிப்பது பக்கத்தில் நிற்கிறவர்கள் கையைக் கூப்புவதை வைத்துத்தான் தெரிகிறது. எனக்கு எதையும் கத்தித்தான் சொல்லவேண்டும். கத்திச் சொல்கிற அளவுக்கு முக்கியமான சமாசாரம் யாரிடமும் இருப்பதில்லை, அதனால் சொல்வதை விட்டுவிட்டார்கள். நாலு நாள் ஐந்து நாள் யாரிடமும் பேசாமல் போய்விடுகிறது. இன்றைக்குக் காலையிலிருந்து இவனோடு பேசியதுதான் உன் அம்மா போன பிறகு நான் பேசிய பேச்சிலேயே பெரியது. உனக்குக் கோபம் வரும். எழுதாமல்கூட இருந்துவிடுவாய். அதற்கு நான் தயாராகத்தான் ரயில் ஏறினேன்.

என் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு நீ எதுவும் முடிவு செய்யாதே. அன்றைக்குக் கிணற்று மேட்டில் இருந்த தோப்புக்காரர் போய் எட்டு வருஷம் ஆகிறது. மோட்டார் மெக்கானிக் அவருக்கும் முன்னால் போய்விட்டார். உன் அம்மா தெரியாமலே போனாள். என்னைக் கணக்கில் சேர்க்காதே, உன்னிடம் ஏற்கெனவே பொய் சொன்னவன். கயிறு அசைந்ததையும் யார் கை யார் கைமேல் இருந்தது என்பதையும் சொல்ல இன்னும் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறான். எழுதிக் கேள், எழுதுவான். பெயரைப் போடு என்றால், "மாமான்னு போட்டா அவனுக்குத் தெரியாதா?" என்கிறான். போதாது என்றேன். இத்தனை வருஷம் நம் வீட்டில் தப்புச் செய்தவன் பெயராக இருந்த பெயர் அது. அவன் கையாலேயே முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறேன்: மணவூர் கேட்டில் இருக்கிறான், முனிரத்தினம்.